எச்-1பியில் வேலை பார்த்துக்கொண்டே ஜார்ஜியா டெக் ஆன்லைன் எம்.எஸ். படித்த அனுபவம்

அமெரிக்காவில் டல்லாஸில் வேலை பார்த்துக்கொண்டே 2020 ஆகஸ்டில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் கணினி அறிவியல் எம்.எஸ்.ஸில் சேர்ந்தேன், 2023 டிசம்பரில் முடித்தேன். விசாவில் இருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

எல்லாருக்கும் முதல் சந்தேகம், எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தபடி படிக்கலாமா என்பதுதான். தாராளமாகப் படிக்கலாம். எச்-4 (எச்-1பிகாரரின் குடும்பத்துக்கானது), எல்-1 (கம்பெனிக்குள் மாற்றலாகி வருபவருக்கானது) விசாக்களிலும் படிக்கலாம், மாணவர் விசாவுக்கு மாறத் தேவையில்லை. ஆனால் ஒன்றைச் சேரும்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: இந்தப் படிப்பைக் காட்டி நாட்டில் தங்க முடியாது. மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் தர மாட்டார்கள், அதனால் எஃப்-1 என்ற அந்த விசா இல்லை, படித்து முடித்தபின் வேலை பார்க்க அதில் கிடைக்கும் ஓபிடி அனுமதியும் இல்லை.

செலவு விஷயத்தில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பத்துப் பாடத்துக்கும் சேர்த்து சுமார் 7,000 டாலர். வளாகத்தில் படிப்பவர் வாங்கும் அதே பட்டம்தான், சான்றிதழில் ஆன்லைன் என்று போடுவதில்லை. கம்பெனி கட்டணத்தைத் திருப்பித் தந்தால் வருடத்துக்கு 5,250 டாலர் வரை அதற்கு வரி கிடையாது, செமஸ்டருக்கு ஒரு பாடம் எடுப்பவருக்கு அதுவே போதும்.

ஆனால் பார்ட் டைம் என்றதும் லேசாக இருக்கும் என்று நினைத்துச் சேராதீர்கள். முதல் 12 மாதத்துக்குள் அடிப்படைப் பாடங்கள் இரண்டில் குறைந்தது பி வாங்கியாக வேண்டும். நான் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸில் ஆரம்பித்தேன். பல த்ரெட்களில் ஓடும் ஃபைல் சர்வரை சி மொழியில் எழுதச் சொன்னார்கள், பத்து வருடம் ஜாவாவிலேயே இருந்த எனக்கு அந்த ஒரு மாதம் சனி ஞாயிறு இரண்டும் காணாமல் போயின, ஆனாலும் கல்லூரியில் நான்கு வருடம் புரியாமல் கடந்து வந்த விஷயம் அங்கேதான் புரிந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது அசோக் கோயலின் செயற்கை நுண்ணறிவுப் பாடம். 2016-லேயே மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஜில் வாட்சன் என்ற நிரலை உதவியாளராக நிறுத்தினார்களே, அதே பாடம்தான்.

2023 ஜனவரியில் எட்டாவது பாடம் ஆரம்பித்த சில நாட்களில் என் கம்பெனி ஆட்குறைப்பு செய்தது. வேலை போனால் எச்-1பிக்குக் கிடைக்கும் அவகாசம் 60 நாள். தேடினேன், கிடைக்கவில்லை, வீட்டைக் காலி செய்துவிட்டு மார்ச்சில் கோயம்புத்தூர் வந்தோம். விசா, சம்பளம், கார் எல்லாம் ஒரே மாதத்தில் கையைவிட்டுப் போனபோது படிப்பு மட்டும் அப்படியே இருந்தது. விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு டல்லாஸில் ஒரு அசைன்மென்ட் அனுப்பினேன், அடுத்ததை சாய்பாபா காலனியில் அம்மா வீட்டு மாடியிலிருந்து அனுப்பினேன், யாரிடமும் எந்த அனுமதியும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, விசாவில் இருப்பவருக்கு வளாகத்துக்குப் போய் மாலை வகுப்பில் உட்காரும் படிப்பைவிட இதுதான் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். பல பாடங்களில் கெடு ஞாயிறு நள்ளிரவு, அதுவும் உலகத்தில் கடைசியாக நாள் முடியும் இடத்தின் கணக்கில், அதனால் இந்தியாவில் இருக்கும் நமக்குத் திங்கள் மாலை 5:29 வரை நேரம் இருக்கும். தேர்வை வெப்கேம் வழியாகக் கண்காணிப்பார்கள். கிராஜுவேட் அல்காரிதம்ஸ் பாடத்தில் இடம் கிடைப்பது அரிது, பலரையும்போல எனக்கும் கடைசி செமஸ்டரில்தான் கிடைத்தது. அந்தத் தேர்வுகள் எழுதிய நாட்களில் மாடிப் பக்கம் ஒருவரும் வராதபடி அம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் இன்னொன்று. நன்றாகப் படிப்பவர்கள் சம்பளத்துக்கு டிஏ (பாடம் நடத்துவதில் ஆசிரியருக்கு உதவும்) வேலைக்கு விண்ணப்பிக்கலாம். எச்-1பியில் இருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம், உங்கள் விசா உங்களை எடுத்த கம்பெனியில் மட்டும் வேலை செய்வதற்குத்தான்.