கையில் ஒன்று, மேசைக்கு அடியில் ஒன்று: மர ரூட்டர் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சுழலும் பிட்டால் (வெட்டும் முனையால்) மரத்தில் காடி, அதாவது பள்ளம், எடுக்கவும் ஓரம் செதுக்கவும் உதவும் மெஷின்தான் ரூட்டர். ஒரே ரூட்டரைக் கையிலும் ஓட்டலாம், மேசைக்கு அடியில் கவிழ்த்தும் மாட்டலாம் என்றுதான் கடையில் சொல்வார்கள். மாட்டலாம்தான். ஆனால் ஸ்க்ரூ கழற்றி, பிளேட்டிலிருந்து இறக்கி, அடித்தட்டைத் திரும்பப் பூட்டி, வேலை முடிந்ததும் மறுபடி கவிழ்த்து மட்டம் பார்ப்பதை எந்தப் பட்டறையிலும் ரொம்ப நாள் செய்வதில்லை. மெஷின் மேசையிலேயே தங்கிவிடும், கைவேலைக்கு ஒரு டிரிம்மர் (சின்ன ரூட்டர்) வந்து சேரும். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் கதவு, பூஜை மாடம், கிச்சன் கபோர்டு என்று கலந்து வேலை எடுப்பவர்கள் முதலிலேயே இரண்டாகத் திட்டமிடுவது நல்லது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் டிரிம்மர் முதலில்.

டிரிம்மரில் பார்க்க வேண்டியது வேகக் கட்டுப்பாடு. பாஷ் ஜிகேஎஃப் 550 மாதிரி 550 வாட்ஸ், நிமிடத்துக்கு 33,000 சுற்று, ஒரே வேகம் உள்ளவை மைக்கா ஓரம் வெட்டத் தாராளமாகப் போதும். தேக்கில் காடி எடுப்பது, கீலுக்குக் குழி இறக்குவது, ஓரம் உருட்டுவது எல்லாம் உண்டு என்றால் மக்கிட்டா ஆர்டி0700சி வகை சரி: 710 வாட்ஸ், 10,000 முதல் 30,000 சுற்று வரை. அதற்குத் தனியாக பிளஞ்ச் பேஸும் (பிட்டை மேலிருந்து மரத்துக்குள் இறக்கும் அடித்தட்டு) சாய்வு பேஸும் கிடைக்கின்றன.

வேகம் ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கே போதும். 12 மிமீ பிட் 30,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 19 மீட்டர் போகிறது. கதவுப் பலகைக்குச் சரிவு எடுக்கும் 80 மிமீ பிட்டை அதே வேகத்தில் விட்டால் 125 மீட்டர். பிட் வெடித்தால் ஆள் மேல்தான். அந்த அளவு பிட் 10,000 சுற்றுப் பக்கம், அரை அங்குலக் காம்பில் (மெஷின் கவ்விப் பிடிக்கும் தண்டு), மேசையில் மட்டும்தான் ஓட வேண்டும். கையில் பிடித்து ஓட்டும் பேச்சே வேண்டாம்.

மேசைக்கு மக்கிட்டா ஆர்பி2301எஃப்சி போன்ற 2100 வாட்ஸ், 9,000–22,000 சுற்று மெஷின் வசதி. நடுவில் பாஷ் ஜிஓஎஃப் 130 இருக்கிறது: 1300 வாட்ஸ், 11,000–28,000 சுற்று. 8 மிமீ காம்பு வரை கவ்வும். சின்ன மோல்டிங்கும் காடியும் மட்டும் என்றால் இதுவே மேசைக்குப் போதும், பெரிய பிட் கனவு வேண்டாம்.

வாட்ஸைப் பார்க்கும்போதே சுவரில் இருக்கும் பிளக்கையும் பாருங்கள். 2100 வாட்ஸ் என்றால் 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் இழுக்கும். வீட்டின் சாதாரண 6 ஆம்பியர் பாயிண்டில் 1380 வாட்ஸ்தான் எல்லை. பெரிய ரூட்டருக்கு 16 ஆம்பியர் பவர் பாயிண்ட், எக்ஸ்டென்ஷனுக்கு 2.5 சதுர மிமீ ஒயர். மெல்லிய ஒயரை முப்பது மீட்டர் இழுத்தால் வோல்டேஜ் இறங்கும், மோட்டார் திணறும், சூடேறும். ஏப்ரல், மே வேலூர் வெயிலில் தகர ஷெட்டுக்குள் அந்தச் சூடு ஆற இடமே இல்லை.

பெரும்பாலான தொல்லை பிட்டின் காம்பைக் கவ்வும் கோலெட்டில்தான். 6 மிமீயும் கால் அங்குலமும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். கால் அங்குலம் என்பது 6.35 மிமீ. 6 மிமீ பிட்டைக் கால் அங்குலக் கோலெட்டில் எவ்வளவு முறுக்கினாலும் சரியாகப் பிடிக்காது, ஓட ஓட பிட் கீழே இறங்கி காடி ஆழமாகிக்கொண்டே போகும். வெர்னியர் வைத்துக் காம்பை அளந்துவிட்டே மாட்டுங்கள். அடிவரை தள்ளி, 2–3 மிமீ வெளியே இழுத்து, பிறகு முறுக்க வேண்டும். அடியில் இடித்துக்கொண்டு நின்றால் முறுக்கும்போது பிடி சரியாக விழாது. கழற்றிய பிட்டின் காம்பில் பழுப்பாக வளையம் வளையமாகக் கறை தெரிந்தால் கோலெட் வழுக்குகிறது. பிசினும் தூளும் அடைந்திருக்கும். தின்னரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த பிறகு மாட்டுங்கள். அப்புறமும் கறை வந்தால் புதுக் கோலெட்தான்.

மேசையில் கவிழ்த்ததும் பிளஞ்ச் ஸ்பிரிங் எதிரியாகிவிடும். பிட்டை மேலே தூக்க மெஷினின் எடையோடு ஸ்பிரிங்கின் விசையையும் சேர்த்து எதிர்க்க வேண்டும், அரை மிமீ சரிசெய்யவே கை வலிக்கும். நிரந்தரமாக மேசையில்தான் என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, ஆழத்தைத் திருகு கம்பியால் ஏற்றி இறக்குங்கள். மேசையில் மெஷினைத் தாங்கும் பிளேட்டுக்கு 6 மிமீ அலுமினியம் நல்லது; ராணிப்பேட்டை பக்கம் லேத் பட்டறையில் கொடுத்தால் வட்டத்துளை சுத்தமாக வரும். மேசைப் பரப்புக்கு 19 மிமீ பிளை இரண்டை ஒட்டி இரண்டு பக்கமும் மைக்கா. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் ஐப்பசி மழையில் பலகை வளையும்.

தள்ளும் திசை: மேசையில் வலமிருந்து இடம். கையில் என்றால் வெளி ஓரத்தைக் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டும், சட்டத்தின் உள் ஓரத்தை முள் போகும் திசையில். மாறினால் பிட் பலகையை இழுத்துக்கொண்டு ஓடும். மேசையில் பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் (பலகையை ஒட்டித் தள்ளும் தடுப்பு) நடுவே பலகையை விடவே கூடாது. நான்கு ஓரமும் எடுக்கும்போது குறுக்கு முனைகளை முதலில் முடியுங்கள். அங்கே பெயரும் சிலாம்பை நீள ஓரம் எடுக்கும்போது பிட்டே துடைத்துவிடும்.

வேங்கையில் 6 மிமீ பிட்டால் 12 மிமீ ஆழம் வேண்டும் என்றால் 3 மிமீயாக நான்கு தடவை. தேக்கு வெட்ட மென்மைதான், ஆனால் அதிலுள்ள சிலிக்கா ஹைஸ்பீடு ஸ்டீல் முனையைச் சீக்கிரம் மழுக்கும்; கார்பைடு பிட் மட்டும் வாங்குங்கள். மரம் கருகினால் பெரும்பாலும் மெதுவாகத் தள்ளுவதுதான் காரணம், அல்லது முனை மழுங்கியிருக்கும்.

மேசை மெஷினுக்குத் தூள் நேராக மோட்டார் வாய்க்குள் விழும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையின் தூள் பேரிங்கைத் தின்றுவிடும், அதனால் வேலை முடிந்ததும் ஏர் பிரஷர் அடித்து ஊதுங்கள். மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் 5–6 மிமீக்குத் தேய்ந்ததும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மலிவான நகல் மெஷின்களில் இடறுவது இங்கேதான்: மோட்டார் ஓடும், ஆனால் அந்த அளவு கோலெட்டும் பிரஷ்ஷும் எங்கேயும் கிடைக்காது. பணம் கட்டும் முன்பே ஸ்பேர் கோலெட் ஒன்று, பிரஷ் ஒரு ஜோடி எடுத்துத்தரச் சொல்லுங்கள். கடைக்காரர் இழுத்தடித்தால் அந்த மாடலே வேண்டாம்.