கார்டு கடனைக் குறைச்சுத் தர்றோம்னு சொல்ற ஆலோசனை நிறுவனங்களை நம்பிப் பணம் கட்டாதீங்க. என் 2,800 வெள்ளி போச்சு!

2,800 சிங்கப்பூர் வெள்ளி. மசேநிக்கு (மத்திய சேம நிதி) பிடிச்சது போக என் கைக்கு வர்ற ஒரு மாசச் சம்பளத்தை விட அதிகம். கிரெடிட் கார்டு கடனைப் பாதியாக் குறைச்சுத் தர்றோம்னு சொல்லி ஒரு நிறுவனம் வாங்கிக்கிச்சு. நேத்து சாயங்காலம் 'திருப்பித் தர இயலாது'ன்னு ரெண்டு வரியில மின்னஞ்சல் வந்துச்சு. ஆத்திரம் இன்னும் அடங்கல. நம்ம ஆளுங்க யாரும் இதே இடத்துல போய் மாட்டிக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன். என்ன செய்யணும்னும் கடைசியில சொல்றேன்.

மூணு கார்டுல சேர்த்து எனக்கு 27,400 வெள்ளி கடன். அப்பா மருத்துவமனையில இருந்தப்போ ஏறினது பாதி, எனக்கு வேலை போன சமயத்துல வீட்டுச் செலவுக்குத் தேய்ச்சது மீதி. வட்டி வருஷத்துக்கு 27 விழுக்காடு. குறைந்தபட்சத் தொகையா 3 விழுக்காடு, அதாவது மாசம் 820 வெள்ளி கட்டினா, 600க்கு மேல வட்டிக்கே போயிடும். அசல்ல குறையறது 200 வெள்ளிதான். இப்படிக் கட்டிட்டு இருக்கிறவங்களுக்குத் தெரியும், 'தவணை பாதியாகும்'னு ஒரு விளம்பரத்தைப் பார்த்தா மனசு எப்படித் துடிக்கும்னு.

ஒரு கடைத்தொகுதியோட மேல்மாடியில சின்ன அலுவலகம். சுவர்ல கண்ணாடி போட்ட சான்றிதழ்கள். எதிர்ல உக்காந்தவன் நம்ம தமிழ்ப் பையன். கூடப்பிறந்த தங்கச்சிகிட்டகூடச் சொல்லாததை எல்லாம் அவன்கிட்ட சொன்னேன். பொறுமையாக் கேட்டான். சம்பளச் சீட்டு, மூணு பில், எல்லாத்தையும் ஒவ்வொண்ணாப் பார்த்து எழுதிக்கிட்டான். அப்புறம் அந்தப் பில்லுங்களை ஒரு கோப்புக்குள்ள வச்சு மூடி, "இனிமே இது எங்க தலைவலி, அக்கா. பேங்க்ல இருந்து ஃபோன் வந்தா எடுக்காதீங்க. கொஞ்ச நாளைக்குக் கட்டவும் வேணாம், அப்பத்தான் அவங்க இறங்கி வருவாங்க. எல்லாக் கார்டு கடனையும் ஒரே பேங்க்ல ஒண்ணாச் சேர்த்துக் கட்டுற கடன் ஒருங்கிணைப்புத் திட்டத்துல உங்களைச் சேர்த்து விடறது எங்க பொறுப்பு"ன்னான். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் மூச்சு சீரா வந்த மாதிரி இருந்துச்சு. அந்த நிம்மதிக்குத்தான் அவங்க விலை போட்டிருக்காங்க. அங்கேயே பேநவ்ல 2,800 வெள்ளி அனுப்பினேன். ஒப்பந்தத்துல இருந்த, பணம் திரும்ப வராதுங்கிற பிரிவைப் பத்தி அவன் வாயே திறக்கல.

அதுக்கப்புறம் அந்த அக்காவும் இல்லை, அந்தக் கரிசனமும் இல்லை. வாட்ஸப்ல நீல டிக் விழும், பதில் வராது. ஃபோன் பண்ணா "உங்க கேஸை வேற ஆபிசர் பாக்குறாங்க." அந்த ஆபிசர் லீவு. லீவு முடிஞ்சா, "பேங்க்தான் இன்னும் பதில் தரல." இதுக்குள்ள ஒவ்வொரு கார்டுலயும் மாசாமாசம் 100 வெள்ளி தாமதக் கட்டணம் ஏறிட்டு இருக்கு, மூணு கார்டுக்கு 300. அதைச் சொன்னா, "அது நடைமுறைதான் மேடம்." அக்கா மேடமாயிட்டேன்.

பொறுக்க முடியாம நானே பேங்குக்குப் போனேன். அங்க இருந்த அம்மா கணினியைப் பார்த்துட்டு, என் பேர்ல அப்படி ஒரு விண்ணப்பமே வரலைன்னாங்க. அதை விடக் கொடுமை, அந்தத் திட்டத்துல சேர எனக்குத் தகுதியே கிடையாதாம். வட்டி ஓடுற அடமானமில்லாத கடன் மாசச் சம்பளத்தைப் போல 12 மடங்குக்கு மேல இருக்கணும். என் சம்பளம் 3,000 வெள்ளி, 12 மடங்குன்னா 36,000. என் கடன் 27,400. சம்பளச் சீட்டையும் பில்லையும் கையில வச்சுக்கிட்டு எழுதினவனுக்கு இந்தப் பெருக்கல் தெரியாதா? தெரிஞ்சேதான் 2,800 வெள்ளியை வாங்கியிருக்கான். தகுதி இருக்கிறவங்க நேரா பேங்க்லயே விண்ணப்பம் போடலாம், நடுவுல ஆளே தேவையில்லைன்னும் அந்த அம்மாதான் சொன்னாங்க.

இதை அந்த நிறுவனத்துல கேட்டப்போ அவங்க மேலாளர்னு ஒருத்தர் வந்து, உரிமம் பெற்ற வட்டிக்கடையில கடன் வாங்கி ரெண்டு கார்டை அடைச்சிடுங்க, தானே ஏற்பாடு பண்றேன்னார். வட்டிக்கடையில சட்டம் அனுமதிக்கிற உச்சவரம்பு மாசத்துக்கு 4 விழுக்காடு, வருஷக் கணக்குல 48. கூடவே நிர்வாகக் கட்டணம் 10 விழுக்காடு வரை பிடிக்கலாம். 27 விழுக்காட்டுல மூழ்கிட்டு இருக்கிறவளை 48க்குத் தள்ளப் பாக்குறாங்க! 2,800 வெள்ளியைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டதுக்கு வந்த பதில்தான் நேத்து அந்த மின்னஞ்சல்.

சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துல மனு போடப் போறேன். 5,000 வெள்ளிக்குள்ள கேக்குற பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், வக்கீலும் கிடையாது.

என்ன செய்யணும்னு விளக்கமா எழுத நினைச்சேன், இப்போ இருக்கிற மனநிலையில இவ்வளவுதான் வருது. முதல்ல பேங்குக்கு நீங்களே ஃபோன் பண்ணுங்க. 12 மடங்குக்குக் கீழ இருந்தா கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்கிட்ட போங்க. லாப நோக்கமில்லாத அமைப்பு, பேங்குகளோட பேசித் தாங்குற அளவுக்குத் தவணை கேட்டுப் பாப்பாங்க. ஒத்துக்கிறது பேங்க் கையிலதான், அதையும் மறைக்காமச் சொல்லிடறாங்க. பேங்குக்குக் கட்டாதேன்னு எவன் சொன்னாலும் எழுந்து வந்துடுங்க. குறுஞ்செய்தியிலயும் வாட்ஸப்லயும் கடன் தர்றோம்னு வர்றவங்ககிட்ட பேசவே பேசாதீங்க, உரிமம் உள்ள வட்டிக்கடைக்காரங்க அப்படி விளம்பரம் பண்ணவே கூடாது. சந்தேகமா இருந்தா மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழைச்சுக் கேளுங்க. ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிக்கணும்னு கேளுங்க, தரமாட்டேன்னா காசை எடுக்காதீங்க.

இதே மாதிரி இடத்துல பணம் கட்டினவங்க யாராவது இருந்தா எனக்குத் தகவல் அனுப்புங்க. ரசீதையும் வாட்ஸப் உரையாடலையும் அழிச்சிடாதீங்க.