கடலில் மூழ்கிய மோட்டார்: உடனே பிரிப்பதா, டிரம்மில் போட்டு வைப்பதா?

ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் சுமத்ரா காற்று என்னும் திடீர்ச் சூறைக்காற்று பிடித்துக்கொண்டது. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவு ஓரமாக வந்துகொண்டிருந்த எங்கள் சின்னப் படகு கவிழ்ந்துவிட்டது. மூன்று பேரும் பத்திரம். பின்பலகையில் மாட்டியிருந்த 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் (எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றும் வகை) மோட்டார்தான் முக்கால் மணி நேரம் உப்புத் தண்ணீருக்குள் கிடந்தது.

சாங்கிக் கரையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "வெயிலில் காயட்டும் தம்பி, சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்றார் ஒரு பெரியவர். "இப்பவே ஸ்பார்க் பிளக்கைக் கழற்று" என்றார் ஓர் அண்ணன். இன்னொருவர், நல்ல தண்ணீரில் முக்கி வைத்து மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

முதல் யோசனையை மறந்துவிடுங்கள். தண்ணீருக்கடியில் கிடக்கும்வரை இரும்புக்குக் காற்று அதிகம் கிடைப்பதில்லை. வெளியே எடுத்ததும் ஈரம், உப்பு, காற்று மூன்றும் சேர்ந்துவிடும். டூ ஸ்ட்ரோக்கில் சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளில் சில மணி நேரத்திலேயே துரு பிடிக்க ஆரம்பிக்கும். மோட்டார் வெளியே வந்த நிமிடத்திலிருந்துதான் நேரத்தைக் கணக்கிட வேண்டும்.

போட்டி மற்ற இரண்டுக்கும்தான். அதற்கு முன் ஒரு கேள்வி: மூழ்கும்போது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா? ஓடியிருந்தால் சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். எங்கள் படகில் கையில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கயிறு இழுபட்டு இஞ்சின் முன்னதாகவே நின்றுவிட்டது. அந்தச் சிவப்புக் கயிற்றுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். எப்படியிருந்தாலும் பிளக்குகளைக் கழற்றாமல் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்காதீர்கள். கழற்றியபின் இஞ்சின் மேலுள்ள சக்கரமான பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்திப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

எங்களுடையது தடையில்லாமல் சுற்றியது. அதனால் அண்ணன் சொன்னபடியே செய்தோம். மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரால் கழுவினோம். பிளக் துளைகள் கீழே பார்க்கும்படி சாய்த்துக் கயிற்றை இழுத்தபோது கலங்கிய தண்ணீர் பீச்சியடித்தது. கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தால் பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் குண்டு குண்டாக நின்றது.

அடுத்து மெத்திலேட்டட் ஸ்பிரிட். சிலர் டீசல் ஊற்றுவார்கள். டீசல் தண்ணீரோடு கலக்காது. ஸ்பிரிட் கலந்து ஈரத்தை வெளியே கொண்டுவந்துவிடும். ஆனால் அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பாதுகாப்புக் கயிற்றை எடுத்துவிட்டு, தீப்பொறி வராதபடி பார்த்துக்கொண்டுதான் இஞ்சினைச் சுற்ற வேண்டும். கடைசியில் சிலிண்டருக்குள்ளும் கார்புரேட்டர் வழியாகவும் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் ஊற்றிச் சுற்றினோம். வடிந்ததையெல்லாம் வாளியில் பிடித்தோம், கடலில் விடவில்லை.

புது பிளக், புது பெட்ரோல். எண்ணெயை மட்டும் 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு (50:1) என்பதற்குப் பதிலாக 25:1 என்று கூட்டிக் கலந்தோம். நிறைய இழுத்தபின் வெள்ளைப் புகையோடு பிடித்துக்கொண்டது. தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரின் கீழ்ப்பகுதியை வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தை அந்தச் சூடுதான் போக்கும். தண்ணீரில்லாமல் ஓட்டினால், இஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் போய்விடும்.

இந்த வழிக்கு மூன்று நான்கு மணி நேரமும் கருவிகளும் குழாய்த் தண்ணீரும் வேண்டும். இருட்டுவதற்குள் முடிக்க முடியாது என்று தெரிந்தால் பாதியில் விடுவதற்குப் பதில் தொடங்காமல் இருப்பதே நல்லது. அப்போது டிரம்தான் சரி. 200 லிட்டர் நீல டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, மூடியைக் கழற்றிய மோட்டாரின் தலைப்பகுதியைக் கீழே விட்டு முழுக்க முக்குங்கள். பார்க்க மனம் கேட்காது, ஆனால் துரு அங்கே மெதுவாகத்தான் வேலை செய்யும். சிரமம் வேறு: வீவக அடுக்குமாடி வீட்டில் டிரம்மை எங்கே வைப்பது? படகு நிறுத்தும் இடத்தில் அனுமதி கேட்டுத்தான் வைக்க வேண்டும். ஓரிரு நாளுக்கு மேல் விடாதீர்கள், ஸ்டார்ட்டர் மோட்டாரும் வயர் இணைப்புகளும் தாங்காது.

எண்ணெய்க்குத் தனித் தொட்டி உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் நான் டிரம் பக்கம் சாய்வேன். அதே 15 குதிரைத்திறனுக்கு எடையே 50 கிலோவை ஒட்டி வரும். டூ ஸ்ட்ரோக் 36 கிலோதான். எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர் கலந்து தே தாரிக் (பால் தேநீர்) நிறமாகிவிடும். எண்ணெயை மாற்றி, கொஞ்சம் ஓட்டி, அந்த நிறம் போகும்வரை திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். எரிபொருள் இன்ஜெக்‌ஷன் உள்ள மோட்டார் என்றால் கரையில் கை வைக்காமல் பட்டறையிடமே விடுங்கள். எத்தனை மணிக்கு மூழ்கியது, எப்போது வெளியே எடுத்தீர்கள், மூழ்கும்போது ஓடிக்கொண்டிருந்ததா என்று ஒரு தாளில் எழுதி மோட்டாரோடு கொடுங்கள்.

எங்கள் மோட்டாரை மறுநாள் மாலை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது இழுப்பில் பிடித்தது.