40 வயதில் படிப்பா, வேலையோடு பயிற்சியா?

சிங்கப்பூரில் 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்குத் துறை மாற இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, வேலையை விட்டு முழுநேரமாகப் படிப்பது. அரசின் திறன் பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் கணக்கில் 2024இல் சேர்க்கப்பட்ட 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணத்துக்கு உதவும். தகுதிபெறும் படிப்புகளுக்கு 2025 முதல் மாதாந்தரப் படித்தொகையும் கிடைக்கிறது: சராசரி வருமானத்தில் பாதி, உச்சவரம்பு 3,000 வெள்ளி, வாழ்நாளில் மொத்தம் 24 மாதங்கள். 5,000 வெள்ளி வாங்கியவருக்கு 2,500. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் துணைப்பாடக் கட்டணமும் பாதியாகக் குறையாதே!

இரண்டாவது, வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டம். நிறுவனம் முதலில் வேலைக்கு எடுத்துக்கொண்டு பயிற்சி தருகிறது. சம்பளச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. ஆனால் எந்தத் துறை என்பதைக் காலியிடங்களே முடிவு செய்யும்.

குடும்பப் பொறுப்பு உள்ளவருக்கு இரண்டாவதையே சொல்வேன். சான்றிதழோடு வெளியே வருபவரை நேர்முகத் தேர்வில் வயது வழிமறிக்கலாம். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் நடப்புக்கு வந்த பிறகே வயதுப் பாகுபாட்டைத் தடை செய்யும்; அப்போதும் 25க்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு. சேமிப்பு கையில் இருந்து, தாதிமை போலத் தகுதிச் சான்று கட்டாயமான துறையில் மனம் வைத்தவர் முதல் வழியில் போகலாம்.