செட்டிநாடு ஒரு நாள் சுற்றுலா: முன்பணம் அனுப்புமுன் இதைப் படித்துவிடுங்கள்

அம்மாவுக்கு 68 வயது. பிள்ளையார்பட்டி கற்பக விநாயகரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகவே சென்னையிலிருந்து காரைக்குடிக்குப் போனோம். வழிகாட்டியோடு ஒரு நாள் சுற்றுலா என்று 10,000 ரூபாய் பேசி, காலையிலிருந்து சாயங்காலம் வரை காரில் சுற்றினோம். காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய பிள்ளையார்பட்டிக்கு மட்டும் எங்களைக் கூட்டிப் போகவே இல்லை. பள்ளி விடுமுறை வருகிறது. நிறைய பேர் செட்டிநாட்டுக்குக் கிளம்புவீர்கள். எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கக் கூடாது.

வாட்ஸப்பில் வந்த விளம்பரம் அது. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி டைல்ஸ் செய்யும் இடம், ஆத்தங்குடி பெரிய வீடு, செட்டிநாட்டு வீட்டில் மதியச் சாப்பாடு, கானாடுகாத்தான் அரண்மனை, திருமயம் கோட்டை, காரைக்குடி பழம்பொருள் கடைகள் என்று எட்டு இடம் போட்டிருந்தார்கள். தலைக்கு 2,500. அம்மா, நான், என் கணவர், எட்டாவது படிக்கும் மகள், ஆக நான்கு பேர். எல்லாச் செலவும் சேர்த்துத்தான் என்று எழுதியிருந்தது. 5,000 ரூபாயை ஜிபேயில் முன்பணமாக அனுப்பினேன். பணம் போனது ஒரு தனி ஆளின் கணக்குக்கு. விளம்பரத்தில் இருந்த பெயர் அதில் இல்லை. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும்.

காலை 8 மணிக்கு வருவதாகச் சொன்ன கார் 9:40-க்கு வந்தது. வெள்ளை நம்பர் பிளேட்டில் கறுப்பு எழுத்து, அதாவது சொந்த உபயோக வண்டி. வாடகை வண்டிக்கு மஞ்சள் பிளேட் இருக்க வேண்டும். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டி வழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். முட்டி வலியோடு அம்மா வாசலில் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்ததால், "சரி, கிளம்பலாம்" என்று ஏறிவிட்டோம்.

வழிகாட்டித் தம்பி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். அடையாள அட்டை எதுவும் இல்லை. ஏறியதுமே, "அக்கா, இன்னைக்குப் பிள்ளையார்பட்டியில செம கூட்டம். பாட்டியால நிக்க முடியாது. சாயங்காலம் ஃப்ரீயா இருக்கும், அப்பக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அம்மா மேல் இருக்கும் அக்கறை என்றுதான் நினைத்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையார்பட்டியில் மதியம் 1 மணிக்கு நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். அதனால் ஊர் தெரிந்தவர்கள் கோயிலைக் காலையில் முடித்துவிட்டு, வீடுகளையும் கோட்டையையும் மதியத்துக்கு வைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அதைத் தலைகீழாக்கினார்கள். காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை நாங்கள் இருந்தது மூன்று கடைகளில்.

முதல் கடை சேலைக்கடை. செட்டிநாட்டுக் கண்டாங்கி எனக்குப் பிடிக்கும். அகலமான கரை, பெரிய கட்டம், அரக்கும் மஞ்சளும் கறுப்புமாக எடுப்பான நிறங்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. "நேரா நெசவாளர்கிட்ட இருந்து வர்றது அக்கா" என்று தம்பி சொன்னதை நம்பி 3,800 ரூபாய்க்கு ஒன்று எடுத்தேன். வீட்டுக்கு வந்து முதல் தடவை அலசியபோது வாளித் தண்ணீர் முழுக்க அரக்கு நிறம். பிறகுதான் தேடிப் பார்த்தேன், கைத்தறி முத்திரை எங்கேயும் இல்லை. கைத்தறித் துறையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அக்கா கையில் வாங்கிப் பார்த்ததுமே விசைத்தறி என்றார்.

அடுத்தது டைல்ஸ். ஆத்தங்குடிக்குப் போகும் வழியில் பெரிய ஷோரூம் ஒன்றில் இறக்கிவிட்டார்கள். செய்கிற இடம் எங்கே என்று கேட்டதற்கு, இன்று லீவு என்றார்கள். இதைச் சூளையில் வைத்துச் சுடுவார்கள் என்று தம்பி என் மகளுக்கு விளக்கினார், அவளும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அது தப்பு என்று மறுநாள் தெரிந்தது, கீழே சொல்கிறேன். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தோம். அதற்குப் பிறகு தம்பியின் பேச்சு குறைந்துவிட்டது.

மூன்றாவது, பழம்பொருள் கடை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் இந்தக் கடைகள் பிரபலம். நல்ல கடைகளும் அங்கே உண்டு, அந்தத் தெருவை நான் குறை சொல்லவில்லை. எங்களைக் கூட்டிப்போனது வேறொரு இடத்தில் தனியாக இருந்த கடைக்கு. கைப்பெட்டி ஒன்றை என் கணவருக்குக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் செட்டியார் கடைகளில் கணக்குப்பிள்ளை முன்னால் வைத்துக்கொண்டு எழுதும் சரிவான மூடி போட்ட பெட்டி. பர்மா தேக்கு, 150 வருஷத்துப் பொருள் என்று சொல்லி 9,000 கேட்டு, 7,500-க்கு இறங்கினார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கைக்குக் கொடுக்கலாம் என்று அவர் வாங்கினார். பில் கேட்டதற்கு, துண்டுத்தாளில் "மரப்பெட்டி 1" என்று எழுதிக் கொடுத்தார்கள். வயசும் இல்லை, கடை முத்திரையும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடிப்பலகை பிளைவுட். அதன் ஓரங்களில் நெருப்புக்குச்சிக் கரி மாதிரி ஏதோ தேய்த்துப் பழசாக்கியிருந்தார்கள், விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. கீலைப் பிடித்திருந்த திருகாணிகள் புதிது, நட்சத்திரத் தலை. எங்கள் தெரு ஆசாரி உளியால் ஒரு மூலையைச் சுரண்டினார். பாலிஷுக்குக் கீழே வெளுத்த புது மரம் தெரிந்தது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனி ஆள் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அவர்கள் சொன்ன 150 வருஷம் உண்மையாக இருந்திருந்தால், விமான நிலையத்தில் தங்கை மாட்டியிருப்பாள். சிங்கப்பூருக்கு என்று அவர்களிடம் சொல்லித்தான் வாங்கினோம். ஒருவர்கூட எச்சரிக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்காக வாங்குகிறவர்கள் இதை மறக்காதீர்கள்.

செட்டிநாட்டு வீட்டுச் சாப்பாடு என்றது மெயின் ரோட்டு ஓட்டல். வெள்ளைப் பணியாரம், கும்மாயம், கவுனி அரிசி எல்லாம் உண்டு என்று முதல் நாள் போனில் சொல்லியிருந்தார்கள். வந்தது அளவுச் சாப்பாடு. அதற்கும் பில்லை எங்கள் பக்கம் தள்ளினார்கள். சுற்றுலாவுக்கான காசில் வண்டி மட்டும்தானாம்.

மதியத்துக்கு மேல் எல்லாம் ஓட்டம். ஆத்தங்குடி பெரிய வீட்டு வாசலில் நிறுத்தி, "உள்ள டிக்கெட் தனி, எல்லா வீடும் ஒரே மாதிரிதான், இங்கயே போட்டோ எடுத்துக்கங்க" என்றார்கள். கானாடுகாத்தானில் அரண்மனைக் கேட் பூட்டியிருந்தது. ராஜா வீட்டார் வந்திருப்பதால் இன்று மட்டும் உள்ளே விடவில்லை என்றார் தம்பி. அங்கே இளநீர் விற்ற பெரியவரிடம் கேட்டேன். "இன்னைக்கு மட்டும் இல்லம்மா, எப்பவுமே வெளியூர் ஆளுங்கள உள்ள விடுறதில்ல, வாசல்லதான் பாக்கணும்" என்றார். அது தெரிந்தேதான் பட்டியலில் அரண்மனையைப் போட்டு முழுக் காசும் வாங்கியிருக்கிறார்கள். அண்ணாமலை செட்டியார் கட்டிய அந்த அரண்மனை 1912-இல் முடிந்தது. நானூறு வருஷத்து அரண்மனை என்று தம்பி சொன்னபோது என் மகள் போனில் பார்த்துத் திருத்தினாள். திருமயம் கோட்டைக்கு நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை, கீழே குடைவரைக் கோயில்கள் வேறு. மகள் அதைத்தான் ரொம்ப ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் 5:30. இப்போது பிள்ளையார்பட்டி போகலாமா என்று கேட்டேன். டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். "எட்டு மணி நேரம் முடிஞ்சிருச்சு சார். இனி போகணும்னா 1,500 எக்ஸ்ட்ரா" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். தம்பி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அத்தனை அக்கறையாகச் சொன்ன வாக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கணவருக்குக் கோபம் வந்து குரல் உயர்ந்தது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் தம்பி, பிள்ளையார் கூப்பிடுறப்ப வந்துக்கலாம்" என்றார். விடுதிக்கு வந்து அம்மா சாப்பிடாமலே படுத்துவிட்டார். மீதி 5,000-த்தைக் கொடுத்தால்தான் பைகளை இறக்குவோம் என்று சொல்லி, அதையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை பத்தரைக்கு எங்களுக்கு ஊருக்குப் பஸ் டிக்கெட் இருந்தது. அதைக் கேன்சல் செய்துவிட்டு, விடிந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் பஸ் ஏறினோம். ஏழு மணிக்குச் சந்நிதியில் நின்றோம். கூட்டமே இல்லை. குடைவரைக்குள் பாறையிலேயே செதுக்கிய பிள்ளையார், ஆறடி உயரம், இரண்டே கை, துதிக்கை வலப்பக்கம் சுருண்டு, வடக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா கண்ணை மூடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் நகரச் சொல்லவில்லை.

அங்கிருந்து ஓர் ஆட்டோ பேசினோம். அந்த ஆட்டோ அண்ணன் முந்தின நாள் கதையைக் கேட்டுவிட்டு, "அவங்களுக்குச் சம்பளமே கடைக்காரங்க கமிஷன்தாம்மா. வண்டி வாடகையக் குறைச்சுச் சொல்லி ஏத்திக்கிட்டு, கடையில எடுத்துருவாங்க. நீங்க டைல்ஸ் வாங்கல பாருங்க, அங்கதான் கோவம்" என்றார். ஒவ்வொரு கடையிலும் நாங்கள் காரில் ஏறிய பிறகும் தம்பி கல்லாப்பக்கம் நின்றுவிட்டு வந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் ஆத்தங்குடியில் ஒரு பட்டறைக்குக் கூட்டிப் போனார். கண்ணாடிப் பலகை மேல் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒரு அண்ணன் சின்னக் கரண்டியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் சிமெண்ட் குழம்பை அச்சின் அறைகளில் ஒவ்வொன்றாக ஊற்றினார். அச்சைத் தூக்கியபோது ஒரு நிறம் இன்னொன்றில் கலக்கவில்லை. மேலே காய்ந்த மணல் சிமெண்ட் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் செய்து, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடியால் வருவது. சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. என் மகள் நோட்டில் முந்தின நாள் எழுதியதை அடித்துவிட்டு எழுதினாள். கல்லைத் திருப்பி முதுகைக் காட்டினார் அந்த அண்ணன். சொரசொரவென்று கை வேலையின் தடம். மெஷின் டைல்ஸுக்கு முதுகில் ஒரே சீரான கோடுகள் இருக்கும் என்றார்.

கானாடுகாத்தானில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் ஒரு வீட்டுக்கும் போனோம். காவல் பார்க்கும் பெரியவர் முகப்பிலிருந்து வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பின்தெருக் கதவு வரை நடத்திக் காட்டினார். வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்றார். "சுவத்துல கை வைங்க ஆச்சி" என்று அம்மாவிடம் சொன்னார். வெளியே கொளுத்துகிற வெயில், சுவர் முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று குளிர்ந்திருந்தது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசியது. அரை நாள் ஆட்டோவுக்கும் கட்டணங்களுக்கும் சேர்த்து எங்களுக்கு ஆனது 1,600 ரூபாய்.

ஊர் திரும்பியதும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். வாட்ஸப் விளம்பரம், ஜிபே ரசீது, கார் நம்பர் தெரியும் போட்டோ எல்லாம் இருந்ததால் சுலபமாக இருந்தது. மூன்றாவது வாரம் சுற்றுலாக்காரர்களே கூப்பிட்டு, புகாரை எடுத்துவிடச் சொல்லி 3,000 ரூபாய் அனுப்பினார்கள். புகாரை நான் எடுக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்ச ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இந்த வாரம் மனு கொடுக்கிறேன்.

யாரிடம் பேசினாலும், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இருப்போம், உள்ளே போவோமா வாசலோடு சரியா, கடைகள் உண்டா, மொத்தம் எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் அனுப்புங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்குகிறவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கோயிலை முதலில் முடியுங்கள், சாயங்காலம் போகலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

அந்த விளம்பரம் நேற்றுகூட எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் வந்தது. அதில் முதல் படம் பிள்ளையார்பட்டிக் கோபுரம்.