ஹட்டனில் முதியோருக்கான நினைவுப் பயிற்சி வகுப்பு: ஒரு மதிப்பீடு

ஹட்டன் நகரிலுள்ள பொது மண்டபமொன்றில் சனிக்கிழமை காலைகளில் நடைபெறும் நினைவுப் பயிற்சி வகுப்புக்கு என் தாயாரை அழைத்துச் சென்று வருகிறேன். கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர்களும், நகரத்துக் கடைக்காரர்களும், ஓரிரு முன்னாள் ஆசிரியர்களும் அங்கே வருகின்றனர். கட்டணம் பெயரளவுக்குத்தான், வசதியற்றவரிடம் அதையும் கேட்பதில்லை. வயதான பெற்றோரைப் பராமரிப்போருக்கு இவ்வகுப்பை மனதாரப் பரிந்துரைக்கிறேன்; எனினும் சில குறைகள் விரைவில் தீர்க்கப்பட வேண்டும்.

வகுப்பை நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியை எதையும் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. நினைவிலிருந்து தேடி எடுக்க வைக்கிறார். தீப்பெட்டி, கறுவாப்பட்டை, சட்டைப் பொத்தான், ரயில் டிக்கட், காய்ந்த மிளகாய் எனச் சில பொருட்களை ஒரு தட்டில் வைத்துக் காட்டிவிட்டுத் துணியால் மூடுகிறார். உடனே ஒரு தடவை கேட்கிறார். பிளேன்டீ குடித்து முடிந்ததும் இன்னொரு தடவை. அடுத்த சனிக்கிழமை மறுபடியும். அம்மா அவற்றைக் கதையாகவே கோத்துவிட்டார்: அடுப்பு மூட்டி, மிளகாய் சுட்டுச் சம்பல் அரைத்துத் தின்றவன், பொத்தான் அறுந்த சட்டையோடு ரயிலேறிப் போனான். கறுவாப்பட்டை மட்டும் வரவில்லை. ஆசிரியை அதை எடுத்துக்கொடுக்கவில்லை. "யோசிங்கம்மா, நல்லா வாசம் வருமே" என்று சொல்லிவிட்டு, பொறுமையாகக் காத்திருந்தார்.

இந்த முறைக்கு வலுவான அடிப்படை உண்டு. இடைவெளி விட்டுப் படித்தது நீண்ட நாள் நிற்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே எழுதிவைத்தார். திரும்ப வாசிப்பதைவிட நினைவுகூர்ந்து சொல்வதே ஆழமாகப் பதியும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்தன. வீட்டிலும் இதைச் செய்யலாம். கடைக்குப் போகுமுன் துண்டில் எழுதிய சாமான்களைப் பார்க்காமல் ஒருமுறை சொல்லிப் பார்ப்பதும், நானுஓயா, வட்டகொடை, தலவாக்கலை, கொட்டகலை என ரயில் நிலையங்களைப் பின்னோக்கிச் சொல்வதும் எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டன. காமன் கூத்துப் பாட்டுகளை ஏட்டைப் பார்க்காமல் இரவிரவாகப் பாடியவர்கள் நிறைந்த தலைமுறை இது. அவர்களது நினைவாற்றலைக் குறைத்து மதிப்பிடாத வகுப்பு என்பதே எனக்கு முதல் மகிழ்ச்சி.

பயிற்சிக்கு முன் அனைவரும் சிறிது தூரம் நடக்கின்றனர். பிறகு தாதி ஒருவர் இரத்த அழுத்தம் பார்க்கிறார். மூளையின் நுண்ணிய குழாய்களை உயர் இரத்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் சேதப்படுத்துவதால், நினைவு வகுப்பில் இச்சோதனை இருப்பது மிகவும் பொருத்தமானது. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்விலும், உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தம் போன்றவற்றின் கண்காணிப்பு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு ஆண்டுகள் கடைப்பிடித்தவர்கள், பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிடச் சிந்தனைச் சோதனைகளில் அதிகம் முன்னேறினர்.

குறைகளில் பெரியது காது பற்றியது. மழை பெய்தால் தகரக் கூரையின் இரைச்சலில் ஆசிரியையின் குரல் பின்வரிசைக்கு எட்டுவதில்லை. காது மந்தமானவர்கள் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகின்றனர். மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய 14 காரணிகளை 2024இல் பட்டியலிட்ட, லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு, கேள்திறன் இழப்பையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. காது மந்தமானவர்களை முன்வரிசையில் அமர்த்துவதும், ஆதார வைத்தியசாலையின் காது சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவதும் செலவில்லாத காரியங்கள். பொடி எழுத்தில் அச்சிட்ட சொற்புதிர்த் தாள்களையும் குறைக்கலாம். பழகிய புதிர் அந்தப் புதிரில் மட்டுமே கைதேர வைக்கும். மண்டப வாசலில் வல்லாரை நினைவுப்பொடி விற்க இடம் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. வல்லாரையைச் சம்பலாக்கி உண்பது நல்ல வழக்கம். ஆனால் ஞாபகம் கூடும் என்ற உறுதிமொழியோடு அதைப் போத்தலில் அடைத்து விற்கும் அளவுக்குச் சான்று இல்லை.

பழகிய பாதையில் வழி தவறுவோர், சற்று முன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்போர், சமையலின் ஒழுங்கை மறப்போர் ஆகியோரை இவ்வகுப்புக்குக் கொண்டுவருமுன் வைத்தியரிடம் காட்டுங்கள். விற்றமின் பி12 குறைபாடு, தைரொயிட் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை உண்டாக்கும், அவை சிகிச்சைக்கு உட்பட்டவை.