வீட்டிலேயே பார்சல் லேபிள்: சென்ட்பார்சலா, ஈஸிபார்சலா, கவுண்டரா?

அமெரிக்காவில் 1999 முதலே தபால் கட்டணத்தை இணையத்தில் கட்டி, உறைமேல் தாங்களே அச்சிட்டுக்கொள்கிறார்கள். பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வீட்டுப் பிரிண்டரில் நாம் எடுப்பது அந்த வகை அஞ்சல் தலை இல்லை, கூரியரின் கன்சைன்மென்ட் நோட், அதாவது பார்சலில் ஒட்டும் லேபிள். கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவர்கள் தபால்தலையே ஒட்டிக்கொள்ளட்டும். இந்த அலசல் சேலை, முறுக்கு, பூஜைப் பொருள் என்று பார்சல் அனுப்புகிறவர்களுக்கு.

முதல் வழி, மலேசிய அஞ்சல் நிறுவனமான போஸ் மலேசியாவின் சொந்தத் தளம் சென்ட்பார்சல். ஒரே நிறுவனம், ஒரே விலைப்பட்டியல். இரண்டாவது வழி இடைத்தளங்கள். 2014இல் பினாங்கில் தொடங்கிய ஈஸிபார்சல் அதில் பலருக்கும் பழகிய பெயர், டெலிவாநவ் இன்னொன்று. அனுப்பும் போஸ்ட்கோடு, பெறும் போஸ்ட்கோடு, எடை மூன்றையும் போட்டால் பல கூரியர்களின் விலை ஒரே திரையில் வந்துவிடும். ஜார்ஜ்டவுன் 10200லிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் 50470க்குப் போகும் சின்னப் பார்சலுக்கு இடைத்தளத்தின் விலையே பெரும்பாலும் குறைவாக இருக்கும். அவர்கள் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கிறார்கள், அவ்வளவுதான். சபா, சரவாக் என்றால் விலை தாவும். அங்கே போகிற ஒவ்வொரு பார்சலுக்கும் தனித்தனியாக ஒப்பிட்டே ஆகவேண்டும். திரையில் தெரிகிற தொகை சேவை வரிக்கு முந்தியதா பிந்தியதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை குறைகிற இடத்தில் வேறொன்று கூடுகிறது. பார்சல் தொலைந்தாலோ உடைந்தாலோ, சென்ட்பார்சலில் நேரே போஸ் மலேசியாவிடம் புகார் கொடுக்கலாம். இடைத்தளத்தில் வாங்கிய லேபிளுக்குக் கூரியரின் வாடிக்கையாளர் அந்த இடைத்தளம். நாம் அதன் வாடிக்கையாளர். புகார் அவர்கள் வழியாகப் போய் அவர்கள் வழியாகவே திரும்பும். விலையுயர்ந்த பட்டுச்சேலை என்றால் சாதாரண இழப்பீட்டு வரம்பு அதன் விலைக்கு எட்டுமா என்று பார்த்து, எட்டாவிட்டால் கூடுதல் காப்புறுதி வாங்குங்கள். தளத்தின் வாலட்டில் முன்பணம் போட்டு வைப்பதாக இருந்தால், அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்ற விதியைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஒரு ரிங்கிட், இரண்டு ரிங்கிட் வித்தியாசத்தைவிடப் பெரிய தொகை கொள்ளளவு எடையில் போகிறது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். சில நிறுவனங்களில் 6000. வருகிற எண்ணும் தராசு எடையும், எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். முறுக்கு அடைத்த 30×25×15 பெட்டி தராசில் 1.2 கிலோ காட்டலாம். கணக்கில் அது 11,250ஐ 5000ஆல் வகுத்து 2.25 கிலோ. 6000ஆல் வகுக்கிற கூரியரில் 1.875. ஒரு சேலையை 32×25×4 அளவில் தட்டையாக பிளாஸ்டிக் உறையில் போட்டால் 0.64தான் வரும், சேலை அதைவிடக் கனமாக இருந்தால் தராசு எடையே பேசும். ஆகவே பலகாரம் அனுப்புகிறவர்கள் எந்தக் கூரியர் எதனால் வகுக்கிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். சேலை அனுப்புகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மலிவானதை எடுக்கலாம். எடையைக் குறைத்துப் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்கவேண்டாம். கிடங்கில் மறுபடி அளந்து, வித்தியாசத்தை வாலட்டில் பிடித்துக்கொள்வார்கள், அல்லது பார்சலை நிறுத்தி வைப்பார்கள்.

அடுத்தது பிரிண்டர். மாதம் பத்துப் பார்சலுக்குள் என்றால் வீட்டில் இருக்கும் லேசர் பிரிண்டரும் ஏ4 தாளுமே போதும். ஏ4ஐ நாலாக மடித்தால் 105×148 மில்லிமீட்டர், அதாவது ஏ6. லேபிள் பையில் அது சரியாக உட்காரும். இங்க்ஜெட் கொஞ்சம் ஆபத்து. நம் ஊர் மழையில் ரைடரின் பையில் ஈரம் பட்டால் மை கரைந்து பார்கோடு குழம்பும். இங்க்ஜெட்டில் அடித்ததை பிளாஸ்டிக் பைக்குள் வைக்காமல் அனுப்பாதீர்கள்.

அதற்கு மேல் போனால், சூட்டால் தாளைக் கருக்கி அச்சிடும் தெர்மல் பிரிண்டர் வாங்குவதே லாபம். மை செலவே கிடையாது. 100×150 மில்லிமீட்டர் லேபிளை உரித்து ஒட்டினால் வேலை முடிந்தது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மலிவாகக் கிடைக்கும் புளூடூத் கருவிகள் பல 58 அல்லது 80 மில்லிமீட்டர் ரசீது அகலம்தான். கூரியர் லேபிள் அதில் அடங்காது.

தெர்மலில் வருகிற கோளாறுகளில் பல அளவைச் சுருக்குவதால் வருபவை. 105 அகல ஏ6 பக்கத்தை 100 அகல லேபிளில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று அச்சிட்டால் அது 95 சதவீதமாகச் சுருங்கும். 203 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 203 புள்ளி போடும் அச்சுத் தலையில் ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர், அதற்குக் கீழே உடைக்க முடியாது. இரண்டு புள்ளி அகலக் கோடு 1.9 புள்ளியாகும்போது, பிரிண்டர் சில கோட்டை இரண்டாகவும் சிலதை ஒன்றாகவும் போட்டுவிடும். கண்ணுக்கு ஒழுங்காகத்தான் தெரியும், ஸ்கேனர் மட்டும் படிக்காது. எனவே தளத்திலேயே தெர்மல் வடிவத்தைத் தேர்ந்து இறக்குங்கள். அச்சிடும்போது ‘உண்மை அளவு, 100%’. தாளின் அளவு, கணினியில் உள்ள பிரிண்டர் டிரைவர் மென்பொருளில் 100×150. ஒவ்வொரு லேபிளிலும் அச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்ந்தால், லேபிள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை உணரும் சென்சாரை மறுபடி அளவுப்படுத்தவேண்டும். அச்சு நெடுக ஒரே இடத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் தலையில் பசையோ தூசியோ ஒட்டியிருக்கிறது. பிரிண்டரை அணைத்து, ஆறவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

தெர்மல் தாளுக்கு வெப்பமும் எண்ணெயும் எதிரி. வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைத்த லேபிள் கருத்துவிடும். பலகாரப் பையின் எண்ணெய்க்கசிவு பட்டால் எழுத்து மங்கும். பார்கோடின் மேல் பளபளப்பான டேப் ஒட்டுவதும் வேண்டாம். ஒளி பிரதிபலித்து ஸ்கேனர் திணறும். பெட்டியின் விளிம்பில் மடிந்தபடி ஒட்டுவதும் அதே தொல்லைதான்.

ஒப்படைக்கும் விஷயத்தில் கோலாலம்பூர் கொண்டோவாசிகள் பிக்கப்பை ரொம்ப நம்பவேண்டாம். ரைடரைக் காவலர் மேலே விடமாட்டார். கார்ட்ஹவுஸில் வைத்துவிட்டு வந்தால் முதல் ஸ்கேன் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. அருகில் டிராப்-ஆஃப் இடம் இருந்தால் அதுவே மேல். ஷாப்பி இணையச் சந்தையில் விற்கிறவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. அந்தத் தளம் தருகிற லேபிளான ஏர்வே பில்லைத்தான் ஒட்டவேண்டும்.

அஞ்சலகக் கவுண்டர் எப்போது நல்லது? வருடத்தில் நாலைந்து முறை அனுப்புகிறவருக்கு. எடை, அளவு எல்லாம் அங்கேயே முடிவாகிவிடும், பின்னால் பிடித்தம் வராது. தமிழ்நாட்டுக்கு முதல் தடவை தபாலில் அனுப்புகிறவருக்கும் கவுண்டரே நல்லது. பொருள் அடங்கிய தபாலுக்கு சிஎன்22 அல்லது சிஎன்23 சுங்கப் படிவம் வேண்டும். பார்சல் என்றால் சிஎன்23, சிறு பொட்டலத்துக்கு மதிப்பு 300 எஸ்டிஆருக்கு (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) மேல் போனாலும் சிஎன்23. 2021 ஜனவரி 1 முதல் அந்த விவரம் மின்னணு முறையிலும் முன்கூட்டியே போகவேண்டும். படிவத்தில் ‘உணவு’ என்று மொட்டையாகப் போடாமல் ‘அரிசி மாவு முறுக்கு, 500 கிராம்’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். ‘அன்பளிப்பு’ என்று எழுதினால் வரி வராது என்பது பழைய கதை. அஞ்சலிலும் கூரியரிலும் அன்பளிப்பென்று வரும் பொருளுக்கு இருந்த தீர்வைச் சலுகையை இந்தியா 2019 டிசம்பரில் நிறுத்திவிட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் மட்டுமே விலக்கு. தீர்வையைக் கட்டப்போவது பெறுகிறவர் என்பதால், அனுப்புமுன் ஊரில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.